முப்பத்தொரு வயதுக் குழந்தை

அம்மா அவன் காதுக்குப் பின்னால் தேய்த்துக் குளிப்பாட்டினாள்.

முப்பத்தொரு வயது ஆள். மண்தொட்டிக்குள் காலை மடக்கி, முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தான். தாடியை மழித்தாயிற்று. பச்சைக் குழந்தைக்குத் தாடி ஏது?

கொஞ்ச நேரம் முன்புதான் பிறந்திருந்தான். அம்மா முக்காலியில் உட்கார, அவளுடைய நீண்ட அங்கிக்குள் தலையை நுழைத்து, ஊர்ந்து, கீழ்வழியாக வெளியே வந்தான்.

"வந்துட்டான். ஆம்பளப் புள்ளதான்" என்றாள் மருத்துவச்சி.

முறைக்குச் சொல்ல வேண்டியதை அவள் சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

வேறு வழியில்லை. அந்தக் கிரேக்க ஊரில் அதுதான் முறை. ஒருவன் செத்துப்போனான் என்று ஈமக்கடன் எல்லாம் முடித்துவிட்டால், அவன் செத்தவன்தான். பிறகு நேரில் வந்து நின்றாலும் கோயிலுக்குள் விடமாட்டார்கள். வீட்டு அடுப்பருகே உட்காரவும் விடமாட்டார்கள். உயிரோடு இருக்க ஆசைப்பட்டால் மறுபடி பிறந்தாக வேண்டும்.

பிறந்தால் மட்டும் போதாது. துணியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடத்துவார்கள். அப்பா வந்து தூக்கிப் பெயர் சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளை. தூக்காமல் போய்விட்டால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அப்பா தூக்குவாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வந்து மூன்று நாளாகிறது. ஆட்டுக்கொட்டகையில்தான் படுக்கை. முதல் நாள் அப்பா கொட்டகை வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கேடயம் ஆத்தங்கரையில கிடந்துச்சு. நீ எங்கடா இருந்த?"

அவன் தரையைப் பார்த்தான்.

கிழவருக்கு அது போதும். அவரும் போருக்குப் போனவர். ஓடுகிறவன் முதலில் எறிவது கேடயத்தைத்தான். அத்தனை கனத்தைச் சுமந்துகொண்டு யாராலும் ஓட முடியாது.

ஊர்தான் வேறு மாதிரி நினைத்துவிட்டது. கேடயம் இங்கே கிடக்கிறது, ஆளைக் காணோம். கடைசிவரை நின்று சண்டை போட்டிருக்கிறான், உடம்பை ஆறு கொண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டியது. உடம்புக்குப் பதிலாகக் கேடயத்தைப் புதைத்தார்கள். மேலே கல் நட்டு எழுதி வைத்தார்கள்.

*திமாண்டர். ஓரடியும் பின்வாங்காதவன்.*

மூன்று வருடம் கழித்து ஊருக்குள் நுழையும்போது அந்தக் கல்லை அவன் படித்தான். புதிதாக எண்ணெய் தடவியிருந்தார்கள். அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பசி. அந்த இடத்தில் நின்றுகொண்டு தனக்குப் பசித்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அம்மா முதுகுக்கு வந்தாள்.

ஒரு தழும்பு இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"தம்பி எங்கம்மா?"

மூன்று நாளாகக் கேட்கப் பயந்த கேள்வி. வீட்டில் தம்பியின் குரலே கேட்கவில்லை.

"ஹெர்மோன் போன வருசம் போருக்குப் போனான்" என்றாள். "உன் கல்லத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போனான். அண்ணன் மாதிரி நானும் ஓரடி பின்னால வைக்கமாட்டேம்மான்னான்."

தண்ணீரை அள்ளி அவன் தலையில் ஊற்றினாள்.

"வைக்கல."

மருத்துவச்சி துணியை உதறினாள்.

கைகளை உடம்போடு சேர்த்துக் கழுத்துவரை இறுக்கிச் சுற்றினார்கள். முகத்தை மூடிக்கொள்ள ஒரு கைகூட இல்லை. அழுகை வந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"அழட்டும். பொறந்த புள்ள அழுதாத்தான் நல்லது" என்றாள் மருத்துவச்சி.

அடுப்பருகே கிடத்தினார்கள்.

அப்பா வந்து நின்றார்.

கீழே இருந்து பார்க்க அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. தூக்காதீங்கப்பா என்று சொல்ல நினைத்தான். தூக்குங்கப்பா என்றும் சொல்ல நினைத்தான். பிறந்த குழந்தை பேசக் கூடாது.

அம்மா முன்னால் வந்தாள். தரையில் உட்கார்ந்து கிழவரின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் உயிருக்குக் கெஞ்சுகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

அப்பா குனிந்தார். முழு ஆளைத் தூக்க அவருக்கு வலு இல்லை. அக்குளில் கைகொடுத்து, தலையையும் தோளையும் மட்டும் தரையிலிருந்து உயர்த்தினார். முறைக்கு அது போதும்.

முகத்துக்கு நேரே முகம். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"திமாண்டர் கல்லுக்குக் கீழ இருக்கான்" என்றார் மெதுவாக. "அவன் அங்கயே இருக்கட்டும்."

பிறகு அடுப்பைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெயரைச் சொன்னார்.

"இவன் ஹெர்மோன்."

மருத்துவச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா முழங்காலை விட்டாள்.

துணியை அவிழ்த்து, உடுத்தக் கொடுத்தார்கள். சடங்கு முடிந்தது. அவன் இனி உயிரோடு இருக்கலாம். முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே அம்மா கிண்ணத்தில் பார்லிக் கூழ் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ஹெர்மோன்."

அவன் எழவில்லை. தம்பி அவள் முதல் குரலுக்கே ஓடி வருகிற பிள்ளை.

"ஹெர்மோன், ஆறிடும்டா."

அம்மாவின் குரல் குழைந்திருந்தது. ஒரு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு ஆள் இல்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டாள்.

"வந்துட்டேம்மா" என்றான். தம்பி அதை இழுத்துத்தான் சொல்வான். அவனுக்கும் அப்படியே வந்துவிட்டது.

உள்ளே போனபோது அம்மா கையில் கிண்ணத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.