மூன்றாவது குழி

"கையும் குடமுமா மாட்டினியா?"

டிரை கிளீனிங் கடைக்காரர், வேலியோரம் குனிந்திருந்த பின்வீட்டுக்காரியின் குடத்தைப் பிடுங்கினார். அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். மூன்றாவது குழியின் மூடி கழன்று கிடந்தது. குழாய் வாயெல்லாம் ஈரம்.

"என்னத்த ஊத்தின? சொல்லு."

அவள் ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"போன மாசம் வரைக்கும் இந்த வேலிமேல ஏறி நின்னு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி என்னைக் கேட்ட வாய்தானே இது? இப்ப மட்டும் பூட்டுப் போட்டுக்கிச்சா?"

அவர் கத்தியதிலும் நியாயம் இருந்தது. துணிமூட்டையைத் தலையில் சுமந்து, தெருத் தெருவாக அலைந்து, ஒண்டியாக எழுப்பிய கடை. துணியில் சொட்டுத் தண்ணீர் படாமல் வெளுக்கிற கடை, தண்ணீரைக் கெடுத்துவிட்டது என்று சொன்னபோது அவரே சிரித்தார். அப்புறம் சிரிக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் கொல்லையில் கொட்டிய சலவைத் திரவம் மண்ணுக்குள் இறங்கி, பின்னாலிருந்த வீடுகளின் கிணறுகளையெல்லாம் விஷமாக்கியிருந்தது.

இதைச் சுத்தம் பண்ண வழி உண்டா என்று சோதித்துப் பார்க்க ஓர் இன்ஜினியரம்மா வந்தார். கொல்லையில் மூன்று குழி இறக்கினார். முதல் குழியில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். பிரயோஜனமில்லை. இரண்டாவதில் ஊதா மருந்தை விட்டார்கள். கொஞ்ச நாள் தண்ணீர் தெளிந்தது. அப்புறம் பழைய நாற்றமே திரும்பி வந்தது. மூன்றாவதில், அந்த விஷத்தையே தின்று செரிக்கும் கிருமிகளைக் கரும்புப்பாகு ஊற்றி வளர்த்தார்கள்.

"கிருமிக்குத் தீனி போட நான் காசு குடுக்கணுமா? கொஞ்சம் கம்மியாத் திங்கிற கிருமியாப் பாருங்க மேடம்" என்று அதற்கும் பேரம் பேசினவர்தான் கடைக்காரர். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் விஷம் இறங்கிக்கொண்டே வர, காலையில் கடை திறக்கும் முன்னே அந்தக் குழியிடம் நலம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

நேற்று இன்ஜினியரம்மா வந்து, எதிரே உட்கார்ந்தார்.

"கிருமி எல்லாம் செத்துப்போச்சு சார்."

"என்னது?"

"தண்ணில குளோரின் இருக்கு. அது பூமிக்குள்ள தானா வராது. யாரோ குழாய்த் தண்ணிய ஊத்தியிருக்காங்க. அந்தக் கிருமிக்குக் காத்துப் பட்டாலே ஆகாது. குளோரினும் சேர்ந்தா எப்படி சார் தாங்கும்?"

"திரும்ப வளருங்க. பாகு எவ்வளவு வேணுமோ வாங்கித் தரேன். இந்தத் தடவை பேரமே பேசல."

"அதிகாரிங்க குடுத்த தவணை முடிஞ்சுது சார். இதுதான் கடைசி வழின்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். இனிமே கடைக்கு சீல் வெப்பாங்க. பின்னால இருக்குற கிணறுங்களைத் தூர்த்துடுவாங்க."

இன்று விடியும் முன்னே கடைக்காரர் வந்து, துணிமூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, இவளைப் பிடித்திருந்தார். பிடித்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சலைக் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

குழாய்களைக் கழற்றி எடுத்துப் போக வந்த இன்ஜினியரம்மா சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார்.

"பாருங்க மேடம், இவதான். என் பொழப்புல மண்ணைப் போட எவன்கிட்ட கூலி வாங்கினாளோ. என்ன ஊத்தினேன்னு வாயைத் திறக்க மாட்டேங்குறா."

இன்ஜினியரம்மா சோதனைக் காகிதம் ஒன்றைக் குடத்துக்குள் முக்கி எடுத்தார். நிறத்தைப் பார்த்தார்.

"குடிதண்ணி சார். லாரியில குளோரின் கலந்து வருதே, அதுதான்."

கடைக்காரர் குடத்தைப் பார்த்தார். அந்த லாரி அவர் செலவு. கிணறு கெட்ட வீடுகள் ஒரு நாளைக்கு ஐந்து குடம் கேட்டபோது, மேஜையைத் தட்டித் தட்டி, வீட்டுக்கு ரெண்டே ரெண்டு என்று அடித்துப் பேசி முடித்தவர் அவர். அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

"குடிக்கிற தண்ணிய எதுக்கும்மா இதுல ஊத்தினீங்க?" இன்ஜினியரம்மா மெதுவாகக் கேட்டார்.

அவள் கடைக்காரரை ஏறிட்டுப் பார்க்காமலே பேசினாள். "நீங்கதானே மேடம் வேலியோரம் நின்னு சொன்னீங்க. இதுக்குள்ள இருக்குற உசுருங்க பொழச்சாத்தான் எங்க கிணறு பொழைக்கும், அண்ணன் கடையும் நிக்கும்னு."

"சொன்னேன்."

"உசுருன்னா தாகம் எடுக்காதா மேடம்? அந்த நாத்தத் தண்ணிய நம்மளால வாய்கிட்டகூடக் கொண்டுபோக முடியல. அதுங்க மட்டும் எப்படிக் குடிக்கும்? அதான், விடியக்காலைல வந்து நல்ல தண்ணி ஒரு குடம் ஊத்திட்டுப் போவேன். பாத்தா அண்ணன் கோவிச்சுக்குவாருன்னுதான் சொல்லல."

"தினமுமா?" கடைக்காரரின் குரல் எங்கேயோ கீழே இறங்கியிருந்தது. "உங்க வீட்டுக்கு வர்றதே ரெண்டு குடம்தானேம்மா."

"மிச்சம் ஒண்ணுல ஓட்டிக்குவோம்ணே. புள்ளைங்களுக்கும் பழகிப்போச்சு."

இன்ஜினியரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைக் கழற்ற ஆரம்பித்தார். திருகு கைக்கு வசப்படாமல் வழுக்கியது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏன் மேடம் எல்லாத்தையும் கழட்டுறீங்க? அதுங்க நல்லா இருக்குதுல்ல?"

இன்ஜினியரம்மா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"செத்துப்போச்சும்மா," என்றார் கடைக்காரர். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேண்ணே," என்றாள். "ரெண்டாவது குடத்தையும் ஊத்தியிருக்கணும்."