பதினாலு நாள் பத்தியம்

“ஊசி போட்டவங்க பதினாலு நாளைக்குக் குடிக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க மிஸ்ஸி. நான் சொன்னா கேக்க மாட்டாரு.”

பூரணிக்கு மூச்சு வாங்கியது. தேயிலைக் கொழுந்துக் கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடி வந்திருந்தாள். தோட்டத்துக்கு அன்றுதான் முதல் கொரோனா ஊசி. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஓரமாக ஒதுக்கி, மேசை போட்டிருந்தார்கள்.

தாதி பஸ்மிலா நிமிர்ந்து பார்த்தாள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லையே அக்கா, ஏன் பதினாலு என்று கேட்டாள். கொரோனா வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பதினாலு நாள்தானே மிஸ்ஸி என்றாள் பூரணி.

விஷயம் இதுதான். பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மகள் வினோதாவைப் பெண் பார்க்க நோட்டன் பிரிட்ஜிலிருந்து வருகிறார்கள். தை மாதம் ராகலையிலிருந்து வந்தவர்கள் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அன்று பூரணியின் கணவன் ஜீவராஜ் போதையில் நிற்க முடியாமல், மாப்பிள்ளையின் தகப்பனார் தோளைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன அண்ணனுக்காக ஓவென்று அழுதான்.

அண்ணன் செல்லசாமியைக் கொரோனா கொண்டுபோனது. சீல் வைத்த பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எரிக்கும் இடத்துக்குப் போய்விட்டது. யாரையும் முகம் பார்க்க விடவில்லை. அதற்குப் பிறகு ஜீவராஜ் குடிக்காத நாள் இல்லை. இந்தச் சம்பந்தமும் போனால் வினோதா இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பஸ்மிலா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கையை விரித்தாள்.

“நான் அப்படிச் சொன்னேன்னு லயம் முழுக்கப் பரவினா, குடிக்கிற ஆம்பளை ஒருத்தராவது இந்தப் பக்கம் வருவாரா? எனக்கு எல்லாருக்கும் ஊசி போட்டாகணும் அக்கா.”

பூரணி கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

மத்தியானம் அவள் ஊசி வரிசையில் நிற்கும்போது, ஜீவராஜ் கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்தான். அவனோடு தினமும் குடிக்கும் கந்தப்பன் முன்னமே ஊசி போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தான். ஊசி போட்ட சந்தோஷத்துக்கு அவன் பைக்குள் ஒரு போத்தல் தயாராக இருந்தது.

“இல்ல மச்சான். பதினாலு நாளைக்குத் தொடக் கூடாதாம். மிஸ்ஸி கண்டிச்சுச் சொல்லிட்டாங்க.”

எனக்குச் சொல்லவில்லையே என்றான் கந்தப்பன்.

“உனக்கென்ன, கல்லு உடம்பு. என் உடம்பைப் பாத்துச் சொன்னாங்க.”

பூரணிக்கு அந்த இடத்திலேயே கும்பிட வேண்டும்போல இருந்தது. ஊருக்குத் தெரியாமல் இவன் காதில் மட்டும் போட்டுவிட்டாளே, என்ன புத்திசாலி இந்த மிஸ்ஸி!

மறுநாள் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். யாருக்கு அதிகம் என்று குழாயடியில் போட்டியே நடந்தது. காய்ச்சல் வராதவர்கள், தங்களுக்கு மருந்து குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று முகம் சுண்டிப்போய்த் திரிந்தார்கள். ஜீவராஜ் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான்.

கந்தப்பன் தினமும் பொழுது சாயும்போது வந்தான். கைவலிக்கு ஒரு மூடி ஊற்றினால் போதும் என்றான். அது சரிவராதபோது, ஊசிக்குப் பயந்த ஆம்பளையை இந்தத் தோட்டத்திலேயே இப்போதுதான் பார்க்கிறேன் என்று பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னான். ஜீவராஜ் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். வலி என்றைக்கோ போயிருந்தது.

ஆறாம் நாள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. எழுந்து போய் லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்தான்; பிளந்ததையே மறுபடியும் பிளந்தான். பூரணி கலண்டரில் ஒரு கோடு போட்டாள்.

ஒன்பதாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடைப் பக்கம் இறங்கினான். அவள் வாசலிலேயே நின்று வழியைப் பார்த்தாள். இருட்டுவதற்குள் திரும்பினான். கையில் வாழைப்பழமும் வெற்றிலையும். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்றான். அவள் அருகில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். சோப்பு வாசம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். ஜீவராஜ் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று, ஒவ்வொருவருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். அண்ணன் இருந்திருந்தால் இந்தப் பேச்சை அவர்தான் பேசியிருப்பார் என்று ஒரு முறை சொன்னான். குரல் லேசாகக் கம்மியது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா முகக்கவசத்தை இறக்கிச் சிரித்துவிட்டு, வினோதாவின் தலையில் பூ வைத்தாள். ஆவணியில் கல்யாணம் என்று அப்போதே பேசி முடித்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பூரணி ஒரு பெட்டி லட்டோடு தோட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பத்தியம் முடிய இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

“உங்களால எம்புள்ளைக்கு நல்லது நடந்துச்சு மிஸ்ஸி. ரெண்டாவது ஊசி வரைக்கும் தொடக் கூடாதுன்னு அவருகிட்ட கொஞ்சம் நீட்டிச் சொல்லிருங்க. கல்யாணம் முடியட்டும்.”

பஸ்மிலா லட்டை வாங்காமல் அவளையே பார்த்தாள்.

“நான் அவருகிட்ட ஒண்ணுமே சொல்லலையே அக்கா. ஊசி போட்டா குடிக்கக் கூடாதான்னு அவரே கேட்டாரு. அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லன்னுதான் சொன்னேன். ‘அதை வெளியில யாருகிட்டயும் சொல்லிராதீங்க மிஸ்ஸி’ன்னு கும்பிட்டுட்டுப் போனாரு.”