எல்லோரும் பாஸ்

"எல்லாவனும் நூத்துக்கு நூறு! இத நான் நம்பணுமாக்கும்?"

வீரபாகு அண்ணாச்சி கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். எதிரே நின்ற ஜெமிமாவுக்கு முகம் வெளுத்தது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் லாரிகள் அண்ணாச்சிக்குச் சொந்தம். டிரைவர்கள் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேர்வில் பாஸானால்தான் இனிமேல் லோடு என்று கப்பல் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் திறக்கிற மாதிரி செய்தவள் ஜெமிமா. கேள்வி எங்கே, படம் எங்கே, பட்டன் எங்கே என்று கட்டம் கட்டமாக நகர்த்திப் பக்கங்களை வடிவமைத்தாள். அண்ணாச்சி அவள் பின்னால் நின்று, "இத இழுத்தா நகருமோ?" என்று வேடிக்கை பார்ப்பார். சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, அவரே பட்டனைத் தட்டிப் பாடத்தை வெளியிட்டார்.

அண்ணாச்சி ஒரு சந்தேகப் பிராணி. டீசல் குறைந்தால் டிரைவரின் சட்டையை முகர்ந்து பார்ப்பார். மனிதர்கள் மேல் வைக்காத நம்பிக்கையை எல்லாம் சேர்த்து வாஸ்து மேல் வைத்திருந்தார். மில்லர்புரத்து ஆபீசில் தண்ணீர்க் கேன் வடகிழக்கான ஈசானிய மூலையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதனால் கதவு பாதிதான் திறக்கும். வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

"மகாராஜன் ஒருத்தன் மட்டும் ஃபெயிலு. ஏன் தெரியுமா? அவன் ஃபோனு தண்ணிக்குள்ள விழுந்துட்டு. இங்கன, என் கண்ணு முன்னால, இந்தக் கம்ப்யூட்டர்ல எழுதுனான். எனக்கு மறைவா ஃபோன்ல எழுதுனவனெல்லாம் பாஸு. அப்ப விடை வெளிய போயிருக்கா இல்லியா?"

"நான் யாருக்கும் சொல்லல அண்ணாச்சி."

"ஒன் அண்ணன் செல்வினும் நம்ம வண்டிதான ஓட்டுதான்? பத்தாங்கிளாஸையே தட்டுத் தடுமாறி எழுதுன பய. இப்ப நூத்துக்கு நூறு. எப்படிம்மா?"

ஜெமிமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்காகச் சென்னை வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள்.

"இந்த வேலை போச்சுன்னா அம்மாவ விட்டுட்டு நான் திரும்ப மெட்ராசுக்குத்தான் போணும். தெரிஞ்சே அப்படிப் பண்ணுவனா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. செந்தூர் முருகன் சத்தியமாச் சொல்லுதேன். விடையக் குடுத்தது யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கே இந்த வாசல விட்டு வெளிய போயிரணும்!"

வெளியே காத்திருந்த செல்வினைக் கூப்பிட்டார். அவன் தண்ணீர்க் கேனில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஏலே, உண்மையச் சொல்லு. ஒனக்கு விடையச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. பாடமே சொல்லிச்சு."

"என்னல நக்கலா?"

"இல்ல அண்ணாச்சி. விடைய மொதல்ல போட்டுட்டு, அதுக்குக் கீழ கேள்வியக் கேக்குது. நம்ம பயலுவளுக்கு மறந்துரக் கூடாதுன்னு தங்கச்சி இப்படிச் செஞ்சிருக்கான்னு நெனச்சோம்."

ஃபோனை நீட்டினான். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். 'சரியான விடை: கன்டெய்னரின் நான்கு பூட்டையும் போட்ட பிறகே' என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே கேள்வி: 'வண்டியை எப்போது எடுக்க வேண்டும்?'

அண்ணாச்சி மேசையில் ஓங்கி அடித்தார்.

"நான் சொல்லல? கூடப்பொறந்தவனுக்காக விடையத் தலைமாட்டுலயே வச்சுக் குடுத்திருக்க!"

ஜெமிமா ஃபோனை வாங்கிப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. விறுவிறுவென்று கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"இது நான் வச்ச எடமே இல்ல அண்ணாச்சி. இந்த விடைக் கட்டம் கம்ப்யூட்டர்ல மவுஸ் அம்புக்குறிய அது மேல கொண்டுபோனாத்தான் திறக்கும். ஃபோன்ல அம்புக்குறி ஏது? திறந்தேதான் கெடக்கும். அதனாலதான் பக்கத்துக்கு அடியில, வலது ஓரத்துல வச்சிருந்தேன். பதிலச் சொல்லிட்டுக் கீழ வந்தாத்தான் கண்ணுல படும். அத யாரோ மேல இழுத்து வச்சிருக்காவ. ஃபோன் சின்னதுல்லா, மேல இருக்கது மொதல்ல வந்துரும்."

"எல்லாப் பக்கத்துலயுமா?" அண்ணாச்சியின் குரல் சற்று இறங்கியிருந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே அமைப்புதான் அண்ணாச்சி. ஒண்ணுல மாத்துனா அம்புட்டுலயும் மாறிரும். மாத்துனது யாரோ, அவியதான் விடையக் குடுத்தது."

"எவன்ளா அது?" செல்வின் சட்டைக் கையை மடக்கினான். "விடாதீங்க அண்ணாச்சி! நீங்க முருகன் மேல சத்தியம் பண்ணுனது வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பாடத்தை வெளியிடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அறிவைச் சொல்லுகிற விடைக் கட்டம் போயும் போயும் கீழே அக்னி மூலையில் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், மவுஸைப் பிடித்து அதை மேலே ஈசானிய மூலைக்கு இழுத்துவிட்ட வீரபாகு அண்ணாச்சி, நாற்காலியை விட்டு எழுந்து, தண்ணீர்க் கேனை ஒட்டி ஒருக்களித்து, வாசலை விட்டு வெளியே போனார்.