சூடு பிடித்த வீடு

மலைப்பூங்காவில் இருந்தவர்கள் நால்வர்: பொறியாளர் ரெஜினா, தோட்டக்காரர் பெள்ளி, திருநெல்வேலியிலிருந்து செடி ஏற்றிவந்த லாரி டிரைவர் முத்துராசு, அதே ஊரிலிருந்து கண்ணாடி பொருத்த வந்த இசக்கி. இரவு உறைபனி விழும். அதற்குள் அங்குள்ள புதிய கண்ணாடி வீடு சூட்டைப் பிடித்து வைக்காவிட்டால் கோக்கோவும் ஜாதிக்காயும் கருகிவிடும். இசக்கிக்கு மலைக்குளிர் ஆகாது. வேலை முடிந்தால் இந்த லாரியிலேயே ஊருக்கு ஓடிவிடுவதாக இருந்தார்.

செடிகளை இறக்கி ஹீட்டரைப் போட்டார்கள். இசக்கி ஊதுபத்தி கொளுத்திக் கண்ணாடி விளிம்புகளில் காட்டிக்கொண்டே போனார். புகை சாய்கிற இடத்தில் ஓட்டை. அதுவோ எங்கே காட்டினாலும் வாசலைப் பார்த்தே சாய்ந்தது. திரும்பினால், மூவரும் கதவைத் திறந்து பிடித்தபடி வாசலில் நின்று சூடு காய்கிறார்கள்.

"ஓட்டையே நீங்கதான். ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க."

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் புகை நேராக நின்றது. பெள்ளி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்கு. ஜுரமா?"

"அது வேர்வை வே. எங்கூர்ல சும்மாவே கெடைக்கும்," என்று இசக்கி ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு சட்டையையும்.

"விடியிறவரைக்கும் கதவத் திறக்கக்கூடாது. ஹீட்டரைப் பாத்துக்க உள்ள ஒருத்தர் இருக்கணும்," என்றார் ரெஜினா.

"அண்ணாச்சி, கிளம்புவமா?" என்றான் முத்துராசு.

இசக்கி முதுகில் வேர்வை வழிய ஜாதிக்காய்ச் செடிகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நான் ஊருக்கு வந்து சேந்துட்டேன்டே. நீ போயிட்டு வா."

மூவரும் நடுங்கிக்கொண்டே வெளியேற, ரெஜினா கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.