மூன்றாவது டிஸ்க்

மூளைக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து தணிகாசலத்துக்கு எந்த நினைவும் ஒரு தூக்கத்தைத் தாண்டித் தங்குவதில்லை. தினமும் அவர் தூங்கும் முன் அன்றைய நினைவுகளை வீட்டு சர்வரில் சேமித்து, கண் விழிக்கும் முன் எல்லாவற்றையும் அவர் தலைக்குள் ஏற்றிவிடுவாள் மனைவி மீனலோசனி.

சர்வர் வாங்கிய புதிதில் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "நினைவச் சேத்து வைக்கிற ரெண்டு டிஸ்க்கும் ஒரே பொட்டியிலதான இருக்கு? மூணாவதா ஒரு காப்பி வேற ஊர்ல இருக்கட்டும்மா. அப்பப்ப புதுசா எடுத்து வைங்க."

திருத்தணியில், நாத்தனார் வீட்டில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதைப் புதுப்பிப்பது மட்டும் அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போனது.

நேற்று இடி விழுந்து இரண்டு டிஸ்க்கோடும் சர்வர் கருகிவிட்டது. விடிவதற்குள் நாத்தனார் டிஸ்க்கோடு ஓடி வந்தாள். அதில் இருந்தது ஏழு வருஷத்துக்கு முந்தைய தணிகாசலம். மகள் இலக்கியாவுக்கோ ஆறு வயதுதான்.

ஏற்றாமல் விட்டால் தன் பெயர்கூடத் தெரியாமல் எழுவார். மீனலோசனி ஏற்றினாள்.

கண் விழித்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மீனா, ஒரே ராத்திரியில இப்படி இளைச்சுட்ட?"

அவள் பதில் சொல்லும் முன் இலக்கியா ஓடி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் விதிர்விதிர்த்துப் போனார்.

"யாரு பாப்பா நீ? எந்த வீடு?"

"நம்ம பொண்ணுங்க" என்றாள் மீனலோசனி.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிற, சுவரோரம் ஒண்டிக்கொண்டார்.

இலக்கியா மெல்ல இறங்கி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவ மறுபடி தூங்க வையி. நாளைக்குச் சரியா எழுப்பலாம்."