இடது ஓரத்துக் கட்டை

பியானோ கம்பெனியின் வெள்ளிவிழா மலரில், முதல் நூறு பியானோக்களையும் முதலாளியே தனியாளாகச் செய்தார் என்று அச்சிட்டிருந்தார்கள். மேனேஜர் அதை மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, சுருதி சேர்க்கும் எமல்டா எழுந்து மேடைக்குப் போனாள். அங்கே மாலை போட்டு நிறுத்தியிருந்த முதல் பியானோவைத் திறந்து, விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளில் இடது ஓரத்துக் கட்டையை உருவி, எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். வெளியே தெரியாத அதன் பக்கவாட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: சவரிமுத்து, காதர், எமல்டா.

"யாரைக் கேட்டு எழுதுனீங்க?" என்ற மேனேஜர் ரப்பர் கொண்டுவரச் சொன்னார்.

"நல்லா அழிங்க சார். மிச்சத் தொண்ணூத்தொம்பதும் எந்தெந்த வீட்டுல இருக்குன்னு அட்ரஸ் தரட்டுமா?"