முகத்தின் மேல் பெயர்

பெயரை எடுத்துவிட முடியுமா என்று அந்தப் பெண் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

முடியாது என்று அவரும் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

அவள் சென்னையிலிருந்து பேசினாள். பழைய படங்களைத் துடைத்துத் துலக்கி ப்ளூ-ரேயில் கொண்டுவரும் கம்பெனி. அவர் பாளையங்கோட்டையில், தன் வீட்டு முன்னறையில், போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

'உப்பளத்து ராஜகுமாரி'.

பன்னிரண்டு வருடமாகக் கேட்ட படம். பழைய படம் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேரும் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கை வலித்தவர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஒருவர், இந்த வருடம் வந்துவிடும் என்று கிளப்பிவிடுவார். மற்றவர்கள் நம்புவார்கள். இவர் ஒருபடி மேலே போய் ப்ளேயரையே வாங்கி வைத்துவிட்டார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில் கட்டிய கதைதான்.

இப்போது நிஜமாகவே வருகிறது. நெகட்டிவ் கிடைத்துவிட்டது.

கடைசி நான்கு நிமிடம் மட்டும் இல்லை. அந்தச் சுருள் ஒட்டிப்போய்க் கட்டிதட்டிவிட்டது.

அந்த நான்கு நிமிடம் இவரிடம் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் டிவியில் போட்டபோது வீடியோ கேசட்டில் பிடித்தது. பிறகு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டார். கம்பெனி கேட்ட அன்றே ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பினார். பெருமை தாங்கவில்லை.

அந்த டிஸ்க்கில்தான் பெயர் இருந்தது.

கோமதிநாயகம், பாளையங்கோட்டை.

மஞ்சள் எழுத்து. திரைக்கு நட்டநடுவே, கதாநாயகியின் முகம் வரும் இடத்தில். நான்கு நிமிடமும்.

சேர்ப்பவர்கள் எல்லோரும் பெயர் போடுவார்கள். போடாவிட்டால் அடுத்தவன் தன்னுடையது என்பான். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவான். ஆனாலும் நடுமூஞ்சியில் போட்டவர் இவர் ஒருவர்தான்.

ஆத்திரம். லாரன்ஸ் மேல் வந்த ஆத்திரம்.

லாரன்ஸ் தூத்துக்குடிக்காரன். இவரைப் போலவே படப்பைத்தியம். ஒருநாள் வீட்டுக்கு வந்து, சொதியும் சோறும் வயிறாரச் சாப்பிட்டு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேசட்டை வாங்கிப்போனான். தந்தும்விட்டான். அடுத்த மாதம் அந்த நான்கு நிமிடம் இணையத்தில் ஓடியது, லாரன்ஸ் என்ற பெயரோடு. உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

இவர் மூன்று புகார் எழுதி அதை எடுக்கவைத்தார். பேச்சையும் அன்றோடு நிறுத்தினார். நேரே ஸ்டுடியோவுக்குப் போய், டிஸ்க்கில் ஏற்றும்போதே பெயரையும் சேர்த்து ஏற்றச் சொன்னார். கேசட்டில் பூஞ்சை பிடித்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதைத் தூக்கிப்போட்டார்.

அதுதான் டிஸ்க் இருக்கிறதே.

"நாளைக்குள்ள வேற காப்பி கிடைக்கலன்னா அந்த சீனையே விட்டுடுவோம் சார்," என்றாள் அந்தப் பெண். "வேற வழியில்ல."

வைத்துவிட்டாள்.

அவர் தன்னிடமிருந்த இன்னொரு பிரதியைப் போட்டார். கடைசிக் காட்சிக்கு ஓட்டினார்.

உப்புக் கிடங்கின் வாசலில் கதாநாயகி திரும்பிப் பார்ப்பாள். புருஷன் வெளியே நிற்பான். அவனை மன்னித்தாளா இல்லையா என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. அவள் முகம் சொல்லும். அதோடு படம் முடியும்.

அவர் டிவிக்கு அருகில் போனார். கண்ணாடியைக் கழற்றினார். 'கோமதி'க்கும் 'நாயக'த்துக்கும் நடுவே ஒரு கண் தெரிகிற மாதிரி இருந்தது. தெரியவில்லை.

அழுதாள் என்றுதான் ஞாபகம். குழுவிலும் அப்படித்தான் சொல்லிவந்தார். இவர் சொன்னால் மறுபேச்சில்லை. ஆனால் பெயர் போட்ட நாளிலிருந்து அந்த முகத்தை இவரே பார்த்ததில்லை. பதினேழு வருடம்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

லாரன்ஸின் எண் போனில் தடுத்துவைத்தவர்களின் வரிசையில் முதலாவதாக இருந்தது. விடுவித்துக் கூப்பிட்டார். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

நேற்றுப் பேசியவன் மாதிரி.

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா அதுல எம் பேரும் இருக்கே."

"எங்க?"

"அடியிலதான். அவ சேலை கொஞ்சம் மறையும்."

அடியில். அன்றைக்கு இவர் அவன் பெயரை மட்டும்தான் பார்த்தார். அது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்கவில்லை. இவருடைய டிஸ்க்கில் சேலை பளிச்சென்று இருக்கிறது. அவனிடம் முகம் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது கம்பெனிக்குப் பெரிய வேலையாக இருக்காது.

"சென்னைக்கு அனுப்புவீரா வே?"

"இப்பவே அனுப்புதேன்."

கூப்பிட்ட காரியம் முடிந்துவிட்டது. வைத்துவிடலாம். அவர் வைக்கவில்லை.

"அந்தக் கடைசி இடத்தக் கொஞ்சம் போட்டுப் பாரும்."

போனில் கிடங்குக் கதவு கிறீச்சிட்டது. பிறகு வீணை.

"அழுவுதாளா?"

லாரன்ஸ் வீணையின் சத்தத்தைக் குறைத்தான்.

"இல்ல அண்ணாச்சி. சிரிக்கா."

அவர் டிவியை அணைத்தார்.

"இன்னொருக்க போடும்," என்றார்.